மூன்று தேசத்துக் காலும் ஒரு கிணறும்

என் தங்கை மூக்காயிக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. சின்ன வயசிலேயே ‘சீச்சி’ என்று அவளுக்குப் பட்டப்பெயர். அடுத்த வீட்டுக்காரி மோர் கொடுத்தால் முதலில் அவள் நகத்தைப் பார்ப்பாள், பிறகுதான் மோரைப் பார்ப்பாள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையைத் துடைத்துத் துடைத்தே கிழித்துவிடுவாள். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஊத்துமேட்டுப்பட்டியில் கட்டிக்கொடுத்தோம். திண்டுக்கல்லிலிருந்து நான் ஓட்டுகிற குதிரை வண்டியில் போனால் ஒரு வெற்றிலை போட்டுத் துப்பி, இன்னொன்று போடுவதற்குள் வந்துவிடும் ஊர். குடிதண்ணீருக்கு அங்கே ஒரே ஒரு படிக்கிணறு.

அந்தக் கிணற்றில் கயிறும் கிடையாது, வாளியும் கிடையாது. கல்படியில் இறங்கி, முழங்கால் நனையத் தண்ணீருக்குள் நின்று, குடத்தை முக்கிக்கொண்டு ஏறவேண்டும். எங்கெங்கே போய் எதையெதையெல்லாம் மிதித்த காலோ, அந்தக் கால்தான் தண்ணீருக்குள்ளும் போகும். ஊரே காலைக் கழுவி, கழுவின தண்ணீரைக் குடத்தில் மொண்டு, வீட்டுப் பானையில் ஊற்றிக் குளிரவைத்து, “எங்க ஊரு தண்ணி ருசி வேற எங்க வரும்” என்று பெருமை பேசிக்கொண்டு குடித்தது. ருசி இருக்கத்தானே செய்யும்.

மூக்காயி கல்யாணமாகி வந்த மறுநாள் செம்புத் தண்ணீரை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். கடுகில் பாதி அளவு என்னவோ குதித்துக் குதித்து ஓடியது. அவ்வளவுதான். புருஷனின் பழைய வேட்டியைக் கிழித்து, நாலாய் மடித்து, பானை வாயில் கட்டி, வடிகட்டித்தான் குடிப்பேன் என்று நின்றுவிட்டாள். அந்தப் பூச்சிக்கு என்ன பேர், குடித்தால் என்ன செய்யும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஓடுகிற எதையும் விழுங்கமாட்டாள், அது ஒன்றுதான் அவள் கொள்கை. ஊர்ப் பெண்கள் வந்து நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, தண்ணீரைச் சலிக்கிறவள் நாளைக்குக் காற்றையும் புடைப்பாள் என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

அவள் புருஷன் நல்லுசாமி, என் மச்சான், நல்ல மனுஷன். வீட்டில் இருக்கும்போது பெண்டாட்டி வடிகட்டிக் கொடுத்ததைக் குடிப்பார். வெயிலில் மாடு பூட்டிக் கமலை இறைத்துவிட்டு வந்தால் நேரே கிணற்றுக்கு இறங்கி, மாடு மாதிரி வாயை வைத்து உறிஞ்சுவார். அப்படித்தான் அவர் இடது காலில் நரம்புச் சிலந்தி புறப்பட்டது.

நரம்புச் சிலந்தியைப் பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். அந்தக் குதிக்கிற பூச்சியின் வயிற்றில் ஒளிந்துகொண்டு தண்ணீரோடு உள்ளே போகும்போது கண்ணுக்குத் தெரியாது. வருஷம் முழுக்க உள்ளேயே குடியிருந்து, நம் சோற்றில் வளர்ந்து, மறு கோடையில் காலில் ஒரு கொப்புளம் கிளப்பி, அது உடைந்ததும் வெள்ளை நூல் மாதிரித் தலையை நீட்டும். நெருப்பை வைத்தது போல எரியும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தால் உள்ளே இருக்கிற மிச்சம் சீழ் பிடித்துக் காலையே முடக்கிப் போடும். ஆகையால் ஓர் ஈர்க்குச்சியில் நுனியைச் சுற்றிவிட்டு, நாளைக்கு விரற்கடை அளவாக, சாமிக்கு மாலை கட்டுகிற பொறுமையோடு சுற்றிக்கொண்டே வரவேண்டும். எரிச்சல் தாங்காதவர்கள் எல்லாரும் ஓடுகிற இடம் கிணற்றுப்படி. காலைத் தண்ணீரில் விட்டால் சில்லென்று இருக்கும். புழுவுக்கும் அதுதான் வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தன் குஞ்சுகளையெல்லாம் தண்ணீரில் கக்கிவிடும். அடுத்த வருஷத்துக்கு விதைப்பு முடிந்தது.

நல்லுசாமியின் புழு சாதாரணப் புழு அல்ல. ஈர்க்குச்சி நிறைந்து, விசிறிக் காம்பு நிறைந்து, கடைசியில் சின்னாளப்பட்டியிலிருந்து, நெசவுக்காரர்கள் நூல் சுற்றுகிற தார்க்குச்சி ஒன்று வாங்கிவந்து சுற்றினோம். அந்த வழியாகப் போன நூல் வியாபாரி ஒருவர் தார்க்குச்சியைக் கையில் வாங்கிப் பார்த்து, இது எத்தனாம் நம்பர் நூல் என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் வாந்தி எடுத்தது தனிக் கதை.

எரிச்சல் பொறுக்காமல் மச்சான் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள், எங்களை ஏன் விட்டுவிட்டாய் என்று சண்டைக்கு வருவார்கள். வைத்தியம் இலவசம் என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொன்னவனுக்கே ஒரு டீ வாங்கிக் கொடுக்கவேண்டி வந்தது. மருந்து இலவசம், சீசா நம்முடையது. கட்டுத்துணி இலவசம், அதைக் கட்டுகிற கை மட்டும் இலவசம் இல்லை. நாங்கள் காசு கொண்டுபோகவில்லை. தோட்டத்துக் கத்தரிக்காய் ஒரு கூடை கொண்டுபோயிருந்தோம். கட்டுப் போடுகிற ஆசாமி கூடையை எட்டிப் பார்த்தான்.

“கத்தரிக்கா எனக்கு ஆகாது. சொறி வரும்.”

அவ்வளவுதான் சொன்னான். புழுவின் நுனியைப் பிடித்தான், இழுத்தான். படக்கென்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது, வெளியே நின்ற என் குதிரைக்கும் கேட்டது. அது அன்றைக்குப் புல் தின்னவில்லை. மச்சானின் இடது முழங்கால் வீங்கி, பழுத்து, உடைந்து, கடைசியில் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. வெண்டைக்காயோ முருங்கைக்காயோ கொண்டுபோயிருந்தால் அந்தக் கால் பிழைத்திருக்கும்.

மிச்சம் இருந்தது வலது கால். கமலை ஓட்டுகிறவன் மாட்டோடு முன்னும் பின்னும் நடந்தாகவேண்டும். ஒன்றரைக் காலை வைத்துக்கொண்டு நல்லுசாமி எப்படியோ ஓட்டினார். அந்த ஒன்றும் போய்விட்டால் மாட்டை விற்கவேண்டும், குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், பிறகு இரண்டு பேரும் பழனி அடிவாரத்தில் துண்டை விரிக்கவேண்டியதுதான். மூக்காயி என்னிடம் வந்தாள்.

“எண்ணே, அந்தப் படிய மூடச் சொல்லுண்ணே. சுத்திச் சுவரு வச்சு, மேல ஒரு உருளைய மாட்டிக் குடுத்தாப் போதும். யாரும் கால நனைக்க முடியாதுல்ல. நீதான் டேசன்ல அம்புட்டு ஆபீசரையும் ஏத்திக்கிட்டு அலையிற.”

ஏற்றிக்கொண்டுதான் அலைந்தேன். என் வண்டியில் ஏறிய ஒவ்வொரு அதிகாரியிடமும் சொன்னேன். கிணறு ஓர் ஆபீசுக்குச் சொந்தம் என்றார்கள். கிணற்றுக்குள் இருக்கிற தண்ணீர் இன்னோர் ஆபீஸ். தண்ணீருக்குள் இருக்கிற பூச்சி மூன்றாவது ஆபீஸ். பூச்சி மனுஷன் காலுக்குள் போய்விட்டால் நாலாவது ஆபீஸ். படி மட்டும் யாருக்குச் சொந்தம் என்று எந்த ஆபீசுக்கும் தெரியவில்லை. அது பாண்டியராஜா கட்டியது, அவரைத்தான் கேட்கவேண்டும் என்று ஒருவர் சொன்னார். அவர் சிரிக்காமல் சொன்னார்.

இப்படி இருக்கும்போது, அறுபதாம் வருஷம் மாசி மாதம், உலகக் கமிஷன் வந்தது. எந்தெந்த நாட்டில் நோய்நொடிக்கு யார் யார் காசு கொடுக்கிறார்கள் என்று விசாரிக்கக் கிளம்பிய கமிஷன். லண்டன்காரர் ஒருவர், அமெரிக்காக்காரர் ஒருவர், ரஷ்யாக்காரர் ஒருவர். பேப்பரில் அந்தச் சமயம் முதல் இரண்டு தேசமும் ரஷ்யாவும் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. இங்கே மூன்று பேரும் ஒரே சோப்பில் முகம் கழுவினார்கள். அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்ல மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் கிறிஸ்துராஜ் வந்தார். ஊரைக் காட்ட ஓவர்சியர் பொன்னுத்துரை வந்தார். ஊத்துமேட்டுப்பட்டி வண்டிப்பாதை மணலில் ஜீப் புதைந்துகொண்டதால் என் வண்டியையும் இன்னும் இரண்டு வண்டியையும் அமர்த்தினார்கள். அமெரிக்காக்காரர் என் வண்டியில் ஏறியதும் குதிரையின் முன்னங்கால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. அது பின்னங்காலாலேயே பேகம்பூர் வரை நடந்தது. பிறகு அவரை முன்னால் தள்ளி உட்காரவைத்தேன்.

தோல் பதனிடும் ஷாப்புகளைத் தாண்டும்போது மூன்று பேரும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பொன்னுத்துரை அவர்களைவிட அதிகமாகப் பொத்திக்கொண்டார். அந்த நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எண்பது வயசில் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று சொல்ல நினைத்தேன். அவர்கள் மூக்கைத் திறக்கிற வழியாக இல்லை.

விசாரணை மூக்காயி வீட்டு வாசலில் நடந்தது. வேப்பமர நிழலில் நாற்காலி போட்டிருந்தார்கள். நல்லுசாமியின் மடங்கிய காலை மூன்று பேரும் தொட்டுப் பார்த்தார்கள். இதற்கு யார் காசு கொடுத்தது என்று கேட்டார்கள். “ஒரு கூடை கத்தரிக்கா” என்றார் மச்சான். கிறிஸ்துராஜ் அதை என்ன இங்கிலீஷில் சொன்னாரோ, மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள்.

உங்கள் ஊரில் எப்படி என்று மச்சான் திருப்பிக் கேட்டார். லண்டன்காரர் சொன்னார்: எங்கள் ஊரில் எல்லோரும் வரி கட்டுவோம், நோய் வந்தவனுக்குச் சும்மா வைத்தியம் பார்ப்பார்கள். அப்படியென்றால் நோயே வராதவன் கட்டின பணம் என்னாகும் என்றார் மச்சான். அது வந்தவனுக்குப் போகும் என்றார் அவர். பங்காளிக்கே ஒரு வேளை கமலை இரவல் கொடுக்காத ஊர் இது. மச்சான் அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். அமெரிக்காக்காரர் தங்கள் ஊரில் மாதாமாதம் ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டுவோம் என்றார். நோய் வரும் என்று நாம் கட்டுகிறோம், வராது என்று கம்பெனி வாங்கிக்கொள்கிறது. “மூணு சீட்டு மாதிரி” என்று மச்சான் தலையை ஆட்டினார், அவருக்கு அது உடனே விளங்கிவிட்டது. ரஷ்யாக்காரர் தங்கள் ஊரில் டாக்டரும் அரசாங்கம், ஆஸ்பத்திரியும் அரசாங்கம், நோயாளியும் அரசாங்கம் என்று முடித்துக்கொண்டார். பிறகு எழுந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து வேகமாக என்னவோ சொன்னார். கிறிஸ்துராஜ் வாயைத் திறந்தார். பொன்னுத்துரை அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

“அத விட்ருங்க சார். ஜனங்க முன்னால நம்ம கெணத்தக் கொற சொன்னாப்புல ஆயிரும்.”

அவர் சொன்னது என்ன என்று ரொம்ப நாள் கழித்துத்தான் கிறிஸ்துராஜ் எனக்குச் சொன்னார். எங்கள் தேசத்திலும் ஒரு பட்டணத்தில் இதே மாதிரி படித்துறையும் இதே புழுவும் இருந்தது, தண்ணீரில் யாரும் இறங்க முடியாதபடி செய்தோம், முப்பது வருஷமாகப் புழு இல்லை என்றாராம். மூக்காயி கேட்டதை உலகத்தின் இன்னொரு மூலையிலிருந்து ஒருவர் வந்து அவள் வாசலிலேயே நின்று சொல்லியிருக்கிறார். அது அவள் காதுக்குப் போகாமல் மரியாதை குறுக்கே வந்து நின்றுவிட்டது.

வந்தவர்களுக்கு நன்னாரி சர்பத் கொடுக்க ஏற்பாடு. மூக்காயி வழக்கம்போலப் பானை வாயில் வேட்டித் துணியைக் கட்டித் தண்ணீரைச் சாய்த்தாள். அதைப் பார்த்ததும் பொன்னுத்துரைக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அந்தத் துணி நாள்பட்ட துணிதான். மஞ்சளா பழுப்பா என்று சொல்லமுடியாத ஒரு நிறம்.

“ஏம்மா, வெள்ளக்காரங்க முன்னால கோமணத் துணியில வடிகட்டுறியே. பாத்தாங்கன்னா நாட்டுக்கே மானம் போயிரும். எடு அத.”

“பூச்சி ஓடுதுய்யா அதுல.”

“ஒன் கண்ணுலதான் பூச்சி பறக்குது.”

துணியை அவரே அவிழ்த்து, விரல் நுனியால் பிடித்து, வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார். பளபளவென்று விளக்கிய பித்தளைக் கூஜாவில் கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். கண்ணாடித் தம்ளரில் சர்பத் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. சுத்தமான தண்ணீர் என்று காட்ட அவரே முதலில் மடமடவென்று குடித்தார். மூன்று பேரும் குடித்தார்கள். அமெரிக்காக்காரர் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கினார். கிறிஸ்துராஜுக்கு நல்லவேளை அன்றைக்கு ஜலதோஷம், தொடவில்லை. மூக்காயி அடுப்பங்கரைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவர்கள் விழுங்குகிற சத்தம் கேட்கக்கூடாதென்று அம்மியில் ஒன்றுமில்லாமலே அரைத்தாள்.

சரியாக மறு மாசி. கிறிஸ்துராஜ் என் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் வண்டியை விடச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து மூன்று கடிதாசை எடுத்து, “சின்னக்கண்ணு, மூணு பேருக்கும் பொறப்பட்ருச்சுய்யா” என்றார். லண்டனில் ஒரு கால், அமெரிக்காவில் இரண்டு கால், ரஷ்யாவில் ஒரு கால். அமெரிக்காக்காரர் இரண்டு தம்ளர் குடித்தவர் அல்லவா.

லண்டனில் காசு கேட்கவில்லையாம். ஆனால் வரிசையில் நிற்கச் சொன்னார்களாம். இவர் ஈர்க்குச்சியும் கையுமாக வரிசையில் நின்றார். புழு தானாக வெளியே வந்து, பக்கத்தில் நின்ற கிழவியின் குடைக்குள் விழுந்தபோதும் இவர் முறை வரவில்லை. கடைசியில் டாக்டர் பார்த்தபோது காலில் ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அமெரிக்காவில் கம்பெனிக்காரர் வந்து புழுவைப் பார்வையிட்டார். இது நம் தேசத்துப் புழு அல்ல, அனுமதி இல்லாமல் உள்ளே வந்திருக்கிறது, இதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். ஆஸ்பத்திரியில் மணிக்கணக்குக்குக் கூலி போட்டு மெஷின் வைத்துச் சுற்றினார்கள். அறையில் மூன்று பேர் தங்கியதாக வாடகை போட்டார்கள், அவரும் இரண்டு புழுவும். அவர் காரை விற்றார், வீட்டை அடகு வைத்தார். இப்போது ஆபீசுக்கு நடந்து போகிறார், நடக்கக் கால் இருக்கிறதே என்று கிறிஸ்துராஜிடம் சந்தோஷப்பட்டாராம்.

ரஷ்யாவில் பைசா வாங்காமல், வெள்ளைக்கோட்டுக்காரர்கள் ஐந்து பேர் சுற்றி நின்று, அறுபடாமல் எடுத்தார்கள். ஆனால் அந்தப் புழு தங்கள் தேசத்தில் ஒழிந்துவிட்டது என்று சர்க்கார் எப்போதோ அறிவித்தாயிற்று. ஒழிந்தது எப்படி ஒருவர் காலில் இருக்கமுடியும். ஆகையால் நோயாளியின் காலிலிருந்து நூல் எடுக்கப்பட்டது என்று முடிவு செய்தார்கள். அது எத்தனாம் நம்பர் நூல் என்று அங்கேயும் யாராவது கேட்டிருப்பார்கள்.

எனக்குக் குமட்டியது புழுவை நினைத்தல்ல. மூன்று தேசத்து டாக்டரும் மெஷினும் காரும் வீடும் சேர்ந்து அந்த நாலு காலுக்குச் செலவழித்ததில், இங்கிருந்து பழனி வரை இருக்கிற கிணற்றுக்கெல்லாம் சுவர் வைத்து, உருளை மாட்டி, உருளைக்கு எண்ணெயும் போட்டிருக்கலாம். அதைச் சொன்னதும் கிறிஸ்துராஜ் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தச் சர்பத்தை யாருக்கும் குடிக்கக் கொடுக்காதே என்று தான் சொல்லியிருக்கவேண்டும் என்றார். ஜலதோஷத்தில் தனக்கு மூளை வேலை செய்யவில்லையாம்.

அந்த மூன்று பேரும் நல்லவர்கள், அதையும் சொல்லவேண்டும். குணமானதும் ஒன்றுகூடி, ஊத்துமேட்டுப்பட்டிக் கிணற்றைச் சரிசெய்யப் பணம் அனுப்பினார்கள். பணம் எத்தனையோ கடல் தாண்டிப் பத்திரமாக வந்து, பொன்னுத்துரை கையில் விழுந்தது. மூக்காயி அன்றைக்குப் பொங்கல் வைத்தாள். படியை மூடப்போகிறார்கள், சுவர் எழும்பப்போகிறது.

வேலை முடிந்ததைப் போய்ப் பார்த்தேன். பழைய கல்படியை எடுத்துவிட்டு, அகலமாக, வழவழவென்று சிமெண்ட் படி கட்டியிருந்தார்கள். வழுக்காமல் இறங்க இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. தண்ணீருக்குள் வசதியாக உட்கார ஒரு திட்டு. மேலே கிணற்றின் இரண்டு பக்கமும் தூண் எழுப்பி, பளிங்குக் கல்லில் மூன்று தேசத்துக் கொடி. இதற்கு முன்னால் கிழடுகட்டைகள் இறங்கப் பயந்துகொண்டிருந்தன. இனி அவர்களும் தாராளமாக இறங்கிக் காலை நனைக்கலாம். படியை மூடினால் வெளிநாட்டுக்காரர் பணத்தில் என்ன கட்டினோம் என்று போட்டோவில் தெரியாதே என்பது பொன்னுத்துரையின் நியாயம்.

மச்சானுக்கு அந்த வாரம்தான் வலது காலில் அரிப்பு எடுக்க ஆரம்பித்திருந்தது. வெறும் கொசுக்கடிதான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த ஒரு வாரம் மூக்காயி தூங்கினாளா என்பது எனக்குத் தெரியாது.

படித்துறைத் திறப்புவிழாவுக்கு மதுரையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். கிணற்றுக்குப் பத்தடி தள்ளிப் பந்தல், மைக், சிவப்பு ரிப்பன். பொன்னுத்துரை அன்றைக்கு வெயிலில் கூடக் கனமான கால்சட்டையும் முழங்கால் வரை காலுறையும் போட்டிருந்தார். கொஞ்ச நாளாகவே சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். கேட்டால் சுளுக்கு என்பார். சர்பத்தை முதலில் குடித்தவர் அவர்தான் என்பதை நாங்கள் எல்லாரும் மறந்தே போயிருந்தோம்.

அதிகாரி பேசத் தொடங்கினார். வேதகாலத்தில் தொடங்கி மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். பொன்னுத்துரையைக் காணோம். மூக்காயி குடத்தை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். கீழே, புதுத் திட்டில், காலுறையைக் கழற்றிவிட்டுக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, வலது காலைத் தண்ணீருக்குள் விட்டபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் ஓவர்சியர். காலில் கொப்புளம் உடைந்திருந்தது. அதில் ஒரு பென்சில். பென்சிலில் புழுவைச் சுற்றியிருந்தார். தண்ணீரில் பால் சிந்தினாற்போல வெள்ளையாகக் கலங்கிப் பரவிக்கொண்டிருந்தது. நான் அவள் பின்னாலேயே இறங்கியவன், இந்தக் கண்ணால் பார்த்தேன். அன்றுமுதல் எனக்குப் பால் இறங்குவதில்லை.

“யாருய்யா அது, குடிக்கிற தண்ணியில?” என்றாள்.

“சத்தம் போடாதம்மா. செத்த நேரம். ரொம்ப எரியுது.”

“எரியும். எம் புருசனுக்கும் இப்புடித்தான் எரிஞ்சுச்சு.” அவள் குரல் உயரவில்லை. “பூச்சி என் கண்ணுலன்னு சொன்னீகளே. இப்ப எங்க இருக்கு பாருங்க.”

“இதுக்காகத்தானம்மா படியே கட்டிருக்கு. ஒக்கார வசதியா” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். வலியில் உளறினாரா, மனசில் இருந்ததைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

மூக்காயி குடத்தைக் கவிழ்த்துவிட்டு மேலே ஏறினாள். நேரே தன் ஆட்டுப் பட்டிக்குப் போய், வாசலை அடைத்திருந்த கருவேல முள்ளை அப்படியே இழுத்துக்கொண்டு வந்து படியில் தள்ளினாள். இன்னொரு கட்டு. இன்னொரு கட்டு. நான் மட்டும் சும்மா நிற்கமுடியுமா, முள்ளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். வேதகாலம் முடிந்து சேரசோழபாண்டியர் வருவதற்குள் படி இருந்த இடம் தெரியவில்லை.

அப்போது மைக்கில் அதிகாரி, இந்தப் படித்துறையின் சிற்பி பொன்னுத்துரை அவர்களை மேடைக்கு அழைத்து மாலை போடப்போவதாகச் சொன்னார். ஜனங்கள் கைதட்டினார்கள். “இங்க இருக்கேன் சார்” என்று பாதாளத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

முள்ளை அகற்றுவது எந்த ஆபீஸ் வேலை என்று அங்கேயே பேச்சு எழுந்தது. கிணறு ஒருவர், தண்ணீர் ஒருவர், முள்ளு வனத்துறை என்று ஒருவர். பூட்ஸ் போட்ட எவரும் அதில் கை வைக்கத் தயாராக இல்லை. அதிகாரிக்கு நிலக்கோட்டையில் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. கடைசியில் நல்லுசாமிதான் ஒன்றரைக் காலோடு போய்த் தன் கமலை உருளையையும் வடக்கயிற்றையும் கழற்றிக்கொண்டு வந்தார். பளிங்குக்கல் நின்ற இரண்டு தூணுக்கும் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு, உருளையை மாட்டி, கயிற்றை இறக்கினார். ஊரே சேர்ந்து இழுத்தது. மேலே வரும்போது பொன்னுத்துரை இரண்டு கையாலும் வலது காலை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தார். புழு அறுந்துவிடக்கூடாதல்லவா. அந்தக் கோலத்திலேயே மாலையைப் போட்டார்கள். போட்டோவும் எடுத்தார்கள்.

அவரை இறக்கிவிட்டதும் உருளையைக் கழற்ற மச்சான் போனார். மூக்காயி, “அது இருக்கட்டும்” என்றாள். கட்டை நின்றது, உருளை நின்றது, வாளி மட்டும் புதிதாக வாங்கிக் கட்டினாள். முள்ளை எடுத்துவிட்டு இறங்கச் சோம்பேறிப்பட்டுக்கொண்டே ஊர் ஜனங்கள் கயிறு இழுத்துத் தண்ணீர் எடுக்கப் பழகினார்கள். மறு கோடையில், முன்பே குடித்துவைத்த சிலருக்குப் புறப்பட்டது. அதற்குப் பிறகு புழு எங்கே என்று இரண்டு கோடை தேடினோம். வரவே இல்லை. நல்லுசாமியின் வலது கால் அவர் சாகும் வரைக்கும் அவரோடுதான் இருந்தது.

ஆனால் சர்க்கார் சும்மா விடுமா. வெளிநாட்டு நிதியில் கட்டிய படித்துறையைப் பயன்படுத்த முடியாமல் செய்தது, அரசு ஊழியரைக் கிணற்றில் அடைத்துவைத்தது என்று மூக்காயி மேல் கேஸ் போட்டார்கள். கோர்ட்டில் அவளைக் கேட்டபோது, முள்ளு போட்டது நிசந்தான், படிய மறுபடி தொறந்தா மறுபடி போடுவேன் என்றாள். அபராதம் விதித்தார்கள். பால் கறந்துகொண்டிருந்த வெள்ளாட்டை விற்றுக் கட்டினாள். லண்டன்காரர் காலுக்கு வரி கட்டியவன் கொடுத்தான், அமெரிக்காக்காரர் காலுக்கு அவரே கொடுத்தார், ரஷ்யாக்காரர் காலுக்கு அரசாங்கம் கொடுத்தது. என் மச்சான் காலுக்கு ஒரு வெள்ளாடு கொடுத்தது. இதைக் கமிஷனுக்கு எழுதும்படி கிறிஸ்துராஜிடம் சொன்னேன். அந்தக் கேள்விக்குக் கத்தரிக்காய் என்று ஏற்கெனவே பதிவாகிவிட்டது, இனி மாற்றமுடியாது என்றார்.

கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது நல்ல வெயில். மூக்காயிக்கு நாக்கு வறண்டிருந்தது. பேகம்பூரில் ஜமால் முகமதின் சோடாக்கடை எனக்கு வாடிக்கை. வண்டியை நிறுத்தி ஒரு கலர் சோடா உடைக்கச் சொன்னேன். அவரும் கேஸ் விஷயம் கேள்விப்பட்டிருந்தார். காசு வேண்டாம், தங்கச்சி குடிக்கட்டும் என்று நல்ல தம்ளராகத் தேடி எடுத்து ஊற்றிக் கொடுத்தார்.

மூக்காயி தம்ளரை வெயிலில் தூக்கிப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கி, அதன் வாயில் முந்தானையை நாலாய் மடித்துப் போட்டு, சோடாவை அதில் மெதுவாகச் சாய்த்தாள். நுரையெல்லாம் துணியிலேயே நின்று புஸ்ஸென்று அடங்கியது. ஜமால் முகமது முகத்தைச் சுளித்தார்.

“ஏம்மா, சோடாவப் போயி சேலையில வடிகட்டுறியே. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு.”

“கோவிச்சுக்கிறாதீக அண்ணே” என்றாள் அவள். “ஒங்க கெணத்துலயும் படி கட்டிருப்பாக.”

ஜமால் முகமது தன் கையிலிருந்த சோடா பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டு, தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று கேட்டார்.